தினமும் ஒரு பதிவு போட்டால் கூகுளில் மேலே வந்துவிடுமா?

புதிதாக இணையதளம் தொடங்கியவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "தினம் ஒன்று எழுதிப் போடு, தளம் எப்பவும் ஃப்ரெஷ்ஷா இருந்தால்தான் கூகுளுக்குப் பிடிக்கும்." யூடியூபில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள், தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்டவர் இரண்டு மாதம் விழுந்து விழுந்து எழுதுவார். நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள், அதிலும் பாதி சொந்தக்காரர்கள். மூன்றாம் மாதம் எழுதுவது நின்றுபோகும்.

இந்த அறிவுரையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கூகுள் நம் தளத்தை எத்தனை முறை வந்து பார்க்கிறது என்பது ஒரு விஷயம். வாசகரின் கேள்விக்குப் புத்தம்புதுத் தகவல் தேவையா என்பது வேறு. நம் பக்கத்தில் எழுதியிருப்பது இன்றைக்கும் சரியா என்பது இன்னொன்று. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதில்தான் கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேடலுக்குப் பின்னால் நடப்பது

நாம் கூகுளில் ஒன்றைத் தேடும்போது அது அந்த நொடியில் இணையம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை. முன்பே பார்த்து எடுத்து வைத்திருப்பதிலிருந்துதான் காட்டுகிறது. இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, பக்கங்களைப் போய்ப் பார்ப்பது. இதைச் செய்கிற நிரலுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளின் கிராலர் 'கூகுள்பாட்'. ஒரு பக்கத்தில் இருக்கும் சுட்டியை, அதாவது லிங்க்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது, பார்த்த பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டு பட்டியலில் சேர்ப்பது. அந்தப் பட்டியல்தான் இண்டெக்ஸ். கிராலர் வந்து பார்த்துவிட்டது என்பதாலேயே பக்கம் இண்டெக்ஸில் ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. மூன்றாவது, யாராவது தேடும்போது இண்டெக்ஸில் இருப்பவற்றில் எதை முதலில் காட்டுவது, எதைப் பத்தாவதாகக் காட்டுவது என்று வரிசைப்படுத்துவது. இதற்கு ரேங்கிங் என்று பெயர்.

தினமும் எழுதுவதால் பெரும்பாலும் மாறுவது முதல் வேலை மட்டுமே. எழுதுகிறவர் எதிர்பார்ப்பதோ மூன்றாவதில் மாற்றம்.

கிராலர் எப்போது வரும்?

தெருவில் கீரை விற்றுக்கொண்டு வரும் அம்மாவைக் கவனித்திருப்பீர்கள். தினமும் வாங்குகிற வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு கூப்பிடுவார். வாரத்துக்கு ஒருநாள் வாங்கும் வீட்டைத் தாண்டும்போது ஒரு குரல் கொடுப்பார். கதவே திறக்காத வீட்டுப் பக்கம் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். கிராலரின் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். வரும்போதெல்லாம் ஏதாவது மாறியிருந்தால் சீக்கிரம் திரும்பி வரும். மாறவே இல்லையென்றால் இடைவெளியை நீட்டிக்கொள்ளும். பெரிய செய்தித்தளத்தின் முகப்புக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும், பத்து வருடமாக அசையாத பக்கத்துக்கு எப்போதாவதுதான் வரும்.

தினமும் வந்து நிற்பதால் அந்த வீட்டார்மேல் அந்த அம்மாவுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது என்று யாரும் நினைக்கமாட்டோம். வியாபாரம் நடக்கிறது, வருகிறார், அவ்வளவுதான். கூகுளும் 2017 ஜனவரியில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கிராலர் அடிக்கடி வருவது ரேங்கிங்கைத் தீர்மானிக்கும் காரணி இல்லை. சில ஆயிரம் பக்கங்களுக்கும் குறைவான தளம் வைத்திருப்பவர் கிராலர் வரவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவே வேண்டாம் என்றும் அப்போதே சொன்னது. புதிதாகத் தொடங்கியவரிடம் முப்பது பக்கம் இருக்கும். அவருக்கு எதற்கு அந்தக் கவலை?

புதுத் தளத்துக்கு உள்ள நிஜமான சிக்கல் வேறு. அப்படி ஒரு தளம் இருப்பதே கிராலருக்குத் தெரியாது. தெரிய வைக்க இரண்டு வழி. ஏற்கனவே கிராலர் போய்வருகிற வேறொரு தளத்திலிருந்து நமக்கு ஒரு சுட்டி கிடைக்க வேண்டும். அல்லது சைட்மேப் கொடுக்க வேண்டும். சைட்மேப் என்பது நம் பக்கங்களின் முகவரிகளையெல்லாம் வரிசையாக எழுதி வைத்த கோப்பு. கூகுள் இதை 2005-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாஹுவும் மைக்ரோசாஃப்டும் ஒப்புக்கொண்டு பொது வழக்கமாகிவிட்டது. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை எழுதலாம். "இந்தப் பக்கம் தினமும் மாறும்" என்று குறிக்கவும் அதில் ஒரு கட்டம் உண்டு. பலர் அதில் எல்லாப் பக்கத்துக்கும் 'தினமும்' என்று போட்டு வைக்கிறார்கள். கூகுள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. கடைசியாகத் திருத்திய தேதி என்ற கட்டத்தை மட்டும் பார்க்கிறது, அதுவும் அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான்.

இன்னொன்றும் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் தளம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் 'வாசிப்பு' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தளத்தை உருவாக்கும்போது அரைகுறையாக வெளியே தெரியக்கூடாது என்று அதை டிக் செய்வார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் எழுதியும் ஒரு பக்கம்கூடத் தேடலில் வரவில்லை என்று புலம்புகிற தளங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது: கிராலர் வருவது நுழைவுச்சீட்டு மட்டும்தான். சைட்மேப் கொடுத்து, வாசலைப் பூட்டாமல் வைத்திருந்தால் அந்த வேலை முடிந்தது. எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து இடம் கிடைக்காது.

எந்தக் கேள்விக்குப் புதுத் தகவல் வேண்டும்?

சரி, அப்படியானால் கூகுள் புதுமையைப் பார்ப்பதே இல்லையா? பார்க்கிறது. ஆனால் அதைத் தளத்தை வைத்து முடிவுசெய்வதில்லை, தேடுகிறவரின் கேள்வியை வைத்து முடிவுசெய்கிறது.

'இன்று தங்கம் விலை' என்று தேடுகிறவருக்கு நேற்றைய பக்கம் குப்பை. 'இட்லி மாவு புளிக்கவில்லை என்ன செய்வது' என்று தேடுகிறவருக்கு எட்டு வருடம் முன்பு எழுதியது இன்றும் பயன்படும். மாவு மாறவில்லை, மார்கழிக் குளிரும் மாறவில்லை. 2011 நவம்பரில் கூகுள் இதற்காகவே ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. சுமார் 35 சதவீதத் தேடல்களை இது ஏதோ ஒரு அளவில் தொடும் என்றது. புதுத் தகவல் தேவைப்படும் தேடல்கள் என்று அப்போது அது சொன்னவை மூன்று வகை: இப்போது நடந்துகொண்டிருக்கும் நிகழ்வுகள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடப்பவை, அடிக்கடி விவரம் மாறிக்கொண்டே இருப்பவை. சில வருடம் பழைய பக்கமே போதும் என்பதற்கும் அதே அறிவிப்பில் உதாரணம் இருந்தது. சீக்கிரம் செய்யக்கூடிய தக்காளி சாஸ் செய்முறை!

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பதில் சொல்லப்போகும் விஷயம் இவற்றில் எதில் சேர்த்தி? சமையல் தளம் நடத்துகிறவர் தினமும் ஒரு குறிப்பு போட்டால் கிராலர் தினமும் வரும். ஆனால் நேற்றுப் போட்ட வத்தக்குழம்பு என்பதற்காக, ஐந்து வருடமாக ஆயிரக்கணக்கானோர் படித்துச் செய்து பார்த்த வத்தக்குழம்புக்கு மேலே அது போய் உட்காராது. அந்தக் கேள்வியில் தேதிக்கு மதிப்பே இல்லை.

இன்றைய செய்தி என்ற முதல் வகையில் ஒரு தனிமனிதர் இறங்குவது என் பார்வையில் வீண் வேலை. பத்து நிருபர்கள் உள்ள தளத்தோடு போட்டி போட வேண்டும், ஜெயித்தாலும் அடுத்த நாள் அந்தப் பக்கத்தை யாரும் தேடமாட்டார்கள். சீரான வரவு வேண்டுமானால் மற்ற இரண்டு வகைகளையும், தேதியே தேவைப்படாத கேள்விகளையும்தான் நம்ப வேண்டும்.

இதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998-இல் பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். தளத்தின் தோற்றத்தைப் பார்த்தால் யாரும் நவீனமானது என்று சொல்லமாட்டார்கள். பழைய பக்கங்கள் பல, ஏற்றியபோது இருந்தபடியே இருக்கின்றன. ஆனாலும் சிலப்பதிகாரத்தின் மூலம் வேண்டும் என்று தேடுகிற மாணவரோ ஆய்வாளரோ இன்றும் அங்கே போகிறார். கேள்வி தீரவில்லை, பதிலும் கெட்டுப்போகவில்லை.

ஒரு பக்கம் எப்படிப் பழசாகிறது?

பதில் கெட்டுப்போகும் பக்கங்களும் உண்டு. அங்கேதான் புதுப்பிக்கும் வேலை நிஜமாகத் தேவை.

'வீட்டு மின் கட்டணத்தை நாமே கணக்கிடுவது எப்படி' என்று ஒருவர் 2021-இல் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். இதையெல்லாம் அட்டவணை போட்டு அழகாக விளக்கியிருக்கிறார். ஆட்களும் வருகிறார்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது. அட்டவணை அன்றே பொய்யாகிவிட்டது. 2024 ஜூலையில் மறுபடி மாறியது. அதே ஆண்டில் டான்ஜெட்கோ என்ற நிறுவனமே பிரிக்கப்பட்டு, பில் அனுப்புகிற வேலை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயருக்குப் போனது. (2010-லேயே பழைய மின்சார வாரியம் பிரிக்கப்பட்டுவிட்டது. மக்கள் இன்னும் ஈ.பி. ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள், அப்படித்தான் தேடுகிறார்கள். தலைப்பிலோ முதல் பத்தியிலோ 'ஈ.பி. பில்' என்று ஓரிடத்தில் எழுதுவதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.)

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் தன் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். தொகை ஒத்துவராது. உடனே திரும்பிப் போய் அடுத்த தளத்தைத் திறப்பார். வருகிறவரெல்லாம் ஏமாந்து திரும்பும் பக்கம் நாளடைவில் கீழே இறங்குவதில் ஆச்சரியம் இல்லை. அதைவிட முக்கியமாக, ஒருமுறை ஏமாந்தவர் அந்தத் தளத்தின் பெயரை மறுபடி நம்பமாட்டார்.

புதுப்பிப்பது என்றால் இங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். அட்டவணையை மாற்ற வேண்டும். 400 யூனிட்டுக்கு என்ன வரும் என்று போட்டிருந்த மாதிரிக் கணக்கைப் புதிய விகிதத்தில் திரும்பப் போட வேண்டும். நிறுவனத்தின் பெயரையும் பணம் கட்டும் தளத்தின் சுட்டியையும் சரிபார்க்க வேண்டும். மேலே 'எந்த மாதக் கட்டணப்படி இந்தக் கணக்கு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை. ஏழு புதுப் பதிவுகளைவிட இது அதிகம் தரும், ஏனென்றால் அந்தக் கேள்வியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கேட்கிறார்.

சிலர் குறுக்கு வழி பிடிக்கிறார்கள். உள்ளே ஒரு எழுத்தும் மாறாது, தலைப்பில் மட்டும் ஆண்டை மாற்றிப் புதிய தேதி போடுவார்கள். உள்ளடக்கம் பெரிதாக மாறாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதிதுபோலக் காட்டுகிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டுதலிலேயே ஒரு கேள்வி இருக்கிறது, இப்படிச் செய்யாதீர்கள் என்ற அர்த்தத்தில். தளம் ஃப்ரெஷ்ஷாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நிறையப் பக்கங்களைச் சேர்ப்பதோ பழையதை நீக்குவதோ ரேங்கிங்குக்கு உதவாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அப்படியும் இந்த வித்தையை வகுப்பு எடுத்துக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வருடாவருடம் வரும் கேள்விக்கு ஒரே முகவரி

மீண்டும் மீண்டும் நடக்கும் நிகழ்வுகள் என்ற வகையில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மதுரை சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கிய நாள் 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், ஜனங்களும் ஒவ்வொரு வருடமும் தேடுவார்கள்.

பலர் ஆண்டுக்கொரு பக்கம் போடுகிறார்கள், முகவரியிலேயே ஆண்டையும் சேர்த்து. 2023 பக்கத்துக்கு நாலு தளங்கள் சுட்டி கொடுத்திருக்கும், சிலர் அதை வாட்ஸ்அப்பில் சேமித்தும் வைத்திருப்பார்கள். அடுத்த வருடப் பக்கம் இதில் எதையும் கொண்டுவராமல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வெளித்தளங்கள் தரும் சுட்டிகள் ஒரு பக்கத்தின் மதிப்பைக் கூகுளுக்குச் சொல்லும் பழைய, இன்னும் முக்கியமான அடையாளம். 1998-இல் கூகுள் தொடங்கியபோது அதைத் தனித்துக் காட்டியதே இந்தச் சுட்டிக் கணக்குதான். அதை வருடாவருடம் கைவிடுவானேன்?

முகவரியில் ஆண்டு வேண்டாம். ஒரே பக்கம், ஒவ்வொரு வருடமும் அட்டவணை மட்டும் மாறட்டும். போன வருடத் தேதிகளைக் கீழே சிறிதாக வைத்துக்கொள்ளலாம். ஏற்கனவே மூன்று நான்கு பக்கம் போட்டுவிட்டவர்கள் பழைய முகவரிகளை ரீடைரக்ட் செய்யலாம். பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். நிரந்தரத் திருப்பம் என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது பழைய பக்கம் சேர்த்த மதிப்பும் புதிய பக்கத்துக்கு வந்துசேரும்.

சுருக்கமாக: கேள்வி நிலையானது என்றால் பக்கத்தைச் சும்மா விடலாம். பதில் மாறியது என்றால் அதே பக்கத்தைத் திருத்த வேண்டும். இரண்டுக்கும் புதுப் பக்கம் தேவையில்லை.

எதைத் திருத்துவது என்று யார் சொல்வார்கள்?

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி சொல்லும். தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிட்டால், எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று பட்டியல் தரும். 16 மாதத் தகவல் வரை கிடைக்கும். அதில் இரண்டு எண்களை மட்டும் முதலில் புரிந்துகொண்டால் போதும். தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது இம்ப்ரெஷன். அதில் எத்தனை முறை தட்டினார்கள் என்பது கிளிக்.

இம்ப்ரெஷன் நிறைய இருந்து கிளிக் குறைவாக இருக்கும் வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பக்கம் இரண்டாம் மூன்றாம் திரையில் கிடக்கும், அதாவது பதில் இன்னும் வலுவாக வேண்டும். இல்லையென்றால் மேலேயே இருந்தும் தலைப்பைப் பார்த்தவருக்கு இதில் தன் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று தோன்றவில்லை. ஒன்றுக்கு உள்ளே வேலை, மற்றதற்குத் தலைப்பில் வேலை.

சில சமயம் நீங்கள் எழுதவே எழுதாத கேள்விக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டிருக்கும். மின் கட்டணப் பக்கத்துக்கு 'மீட்டர் பெயர் மாற்றம்' என்று தேடி வந்திருப்பார்கள். அடுத்து என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாசகரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

புதுத் தளத்துக்கு முதல் சில மாதங்கள் இந்தப் பட்டியல் வறண்டுதான் கிடக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் எழுதும் வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

கூகுளை மட்டும் நம்பலாமா?

கூடாது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் இனி நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது, அதை நம்பியிருந்த தளங்கள் தவித்துப்போயின. தேடலிலும் காட்சி மாறுகிறது. கூகுள் பதிலைத் தானே தொகுத்து மேலே எழுதிக் காட்டும் வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்தது. ஒரு வரியில் முடிகிற பதிலுக்காக இனி யாரும் தளத்துக்குள் வரமாட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவது, படம் எடுத்து விளக்குவது, நேரில் பார்த்து எழுதுவது மாதிரி ஒரு வரிக்குள் அடங்காதவைக்குத்தான் வருவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றினால் ஒருநாள் வரைபடம் கோபுரம்போல எழும், மறுநாள் தரைக்கு வரும். வந்தவரைத் திரும்ப அழைக்க ஒரு வழி வைத்திருந்தால்தான் அந்த ஒருநாள் கூட்டத்தால் லாபம். மின்னஞ்சல் முகவரி வாங்கி வைப்பது பழைய முறைதான், ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது, நடுவில் யாரும் இல்லை. நம்மூரில் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு என்பதால் 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனல் வசதியையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயும் தினமும் தட்டி எழுப்பாதீர்கள். கட்டணம் மாறியது, பக்கத்தைத் திருத்திவிட்டேன் என்று சொல்லும் ஒரு செய்திக்கு இருக்கும் மரியாதை தினசரி வணக்கத்துக்குக் கிடையாது.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், நான் சொல்வது இது. மின் கட்டணப் பக்கத்தை ஜூன் கடைசியிலும் ஜூலை நடுவிலும் திறந்து பார்த்துவிடுங்கள், சமீப வருடங்களில் மாற்றம் ஜூலையில்தான் வருகிறது. திருவிழாப் பக்கத்தைப் பங்குனி பிறந்ததும் எடுங்கள், கூட்டம் தேட ஆரம்பிப்பதற்குள் கிராலர் ஒருமுறை வந்துபோகட்டும். இட்லி மாவுப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். மிச்ச நேரத்தில் மாதத்துக்கு இரண்டு புதிய பக்கம் எழுதினால் தாராளம்.